மைதீன் பாய் வீட்டுப் பின்வாசல்

பாய் இறந்த செய்தியைச் சடையன்தான் கொண்டுவந்தார். "மொளகு யாவாரி பாய் போயிட்டாருங்க மேடம். பின்வாசல் வழியா வரச் சொன்னாங்க" என்றார். ஒரே மூச்சில் வந்த இரண்டு தகவல்களில் முதலாவதை என்னால் நம்ப முடியவில்லை. இரண்டாவதை உடனே நம்பினேன். அதனால் முதலாவதையும் நம்ப வேண்டியதாயிற்று.

மலைமேல் சோளக்காட்டில் பேருந்து நிற்கும் இடத்துக்கு மேலே கடையும் வீடுமாக இருந்தவர் மைதீன் பாய். உங்களில் பாதிப்பேர் அவரிடம் மிளகு விற்றிருப்பீர்கள். மீதிப்பேர் அவர் சொன்ன விலையைத் திட்டியிருப்பீர்கள். நான் இரண்டையும் செய்யாதவள். விவசாய அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து அவருக்குப் பக்கத்து வீட்டில் குடியேறினேன். ஓய்வு பெற்ற பிறகும் கீழே இறங்கவில்லை. ஏன் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். பதில் கிடைத்ததும் சொல்வதாக இருக்கிறேன்.

அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு கம்பமும் அதன் தலையில் ஒரு தட்டும் இருந்தன. காலையில் அதில் சாமையும் கனிந்த மலைவாழைப் பழமும் வைப்பார். மைனாவும் குக்குறுவானும் வரும். எல்லாவற்றையும் விட அதிகமாகக் கொண்டைக்குருவிகள் வரும். அவற்றுக்குப் பழுத்த மிளகு மிகவும் பிடிக்கும் என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும். மிளகு வியாபாரி ஒருவர் மிளகு தின்னும் குருவிக்கு விருந்து வைப்பது எந்தக் கணக்கில் சேரும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. மலையின் இன்னொரு பக்கம் குண்டனி நாட்டிலிருந்து மிளகு மூட்டையோடு வந்த சடையன் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"ஏனுங்க பாய், எங்க கொடியில மொளகத் தின்னுபோட்டு இங்க வந்து பழம் திங்குது. இதென்ன நாயமுங்க?"

"அங்க வயிறு நெறஞ்சிருந்தா இங்க எதுக்கு வருது? உங்கூட்டுல கவனிப்புப் பத்தல போலிருக்கு."

சடையன் யோசித்துக்கொண்டே போனார். கொஞ்ச நாளில் அவர் தோட்டத்திலும் ஒரு தட்டு முளைத்தது. அந்தப் பேச்சில் வென்றது யார் என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

அணில்கள் தட்டைக் காலி செய்யத் தொடங்கியபோது பாய் சாமையில் மிளகாய்த்தூளைக் கலந்தார். பாவம் இல்லையா என்று கேட்டேன். "குருவிக்குக் காரம் தெரியாதுங்க மேடம். அணிலுக்குத்தான் தெரியும்" என்றார். யார் சொன்னது என்றேன். "அணில்தான்" என்றார். வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஒரே ஒரு அணில் மட்டும் காரத்தைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து வந்தது. "அது எங்க சம்பந்தி ஊட்டு அணிலுங்க" என்று அதை விட்டுவிட்டார்.

இதையெல்லாம் ஏன் செய்கிறார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் பதில் சொன்னார். வயிறு நிறைந்த குருவி மிளகுக் கொடிக்குப் போகாது என்று சடையனிடம் சொல்லியிருக்கிறார். தினமும் கொஞ்ச நேரம் அசையாமல் உட்காரும்படி டாக்டர் சொன்னதாக மகன் சலீமிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம், "ஒருநாள் வெச்சுட்டோம். மறுநாள் வந்து பாத்துட்டு என்னங்க நெனைக்கும்?" என்றார். இழவு வீட்டில் நாங்கள் மூவரும் எங்கள் பதில்களை ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை.

பின்வாசல் கதைக்கு வருகிறேன். பழைய பலகையில் ஒரு கூட்டுப்பெட்டி செய்து மரம் மரமாக மாட்டிப் பார்த்தார் பாய். எந்தக் குருவியும் சீந்தவில்லை. கடுதாசிப் பெட்டியாகவாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று முன்வாசல் நிலையோரம் அறைந்தார். அடுத்த வாரமே ஒரு பட்டாணிக்குருவி ஜோடி பாசியைக் கொத்திக்கொண்டு அதற்குள் நுழைந்தது. பாய் முன்கதவைத் தாழிட்டார். குஞ்சுகள் பறந்து, அவர் வாயால் "தொற" என்று சொல்லும்வரை எல்லாரும் கொல்லையைச் சுற்றிச் சமையலறை வழியாகத்தான் வர வேண்டும். ஆண்டுதோறும் இதுவே சட்டம். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களும் அடுப்பைத் தாண்டித்தான் வந்தார்கள்.

இந்த ஆண்டும் கதவு தாழிட்டிருந்தபோதுதான் அவர் இறந்தார். அடிவாரத்து ஊரிலிருந்து உடலைத் தூக்கிச் செல்லும் சந்தூக்குப் பெட்டி வேனில் வந்தது. உடலைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி முடித்ததும் சலீம் முன்கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

"தொறக்காதே கண்ணு" என்றார் அவன் தாய் ஜமீலா.

"அத்தாவக் கொல்லை வழியாவா கொண்டுபோறது? ஊரு என்னம்மா சொல்லும்?"

சடையன் குறுக்கே வந்தார். "பொறவாசல்ல கொண்டுபோற அளவுக்கு எங்க பாய் என்ன தப்புங்க அம்மணி பண்ணிட்டாரு? ஒரு நிமிசம் கதவத் தொறந்தா குஞ்சு செத்தா போயிரும்?"

"அவரு வெச்ச சட்டமுங்க. அவருக்கு மட்டும் வேறயா?"

பள்ளிவாசல் பெரியவரைக் கேட்டார்கள். எந்த வாசல் என்று மார்க்கத்தில் ஒன்றும் சொல்லவில்லை என்றவர், சமையலறையின் திருப்பத்தைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். படித்தவள் என்று என்னைக் கேட்டார்கள். இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொன்னேன். இரண்டு பக்கத்தாரும் நன்றி சொன்னார்கள். ஜமீலா மட்டும் கதவை விட்டு நகரவில்லை.

சந்தூக்கு அந்தத் திருப்பத்தில் திரும்பாது. கேஸ் சிலிண்டரை வெளியே எடுத்து வைத்து, பாயை ஒரு விரிப்பில் ஏந்தி, அடுப்பைத் தாண்டிக் கொல்லைக்குக் கொண்டுபோய் அங்கே சந்தூக்கில் கிடத்தினார்கள். தலைமாட்டைப் பிடித்திருந்த சடையன் அழுதார். கோபத்திலா துக்கத்திலா என்று அவருக்கே தெரிந்திருக்காது. தட்டில் இருந்த கொண்டைக்குருவிகள் ஆட்கள் நெருங்கிய பிறகுதான் எழுந்து பறந்தன.

அதன் பிறகு ஜமீலா, கணவனை இழந்தவர்கள் வெளியே போகாமல் இருக்கும் இத்தாவில் வீட்டோடு இருந்தார். நான் மாலையில் துணைக்குப் போவேன். ஒருநாள் முன்பக்கமாகப் போய்ப் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பாசியும் ஆட்டு ரோமமும் இருந்தன. குஞ்சுகள் இல்லை. மனம் லேசாகி, கொல்லையைச் சுற்றி உள்ளே போய்ச் சொன்னேன்.

"எல்லாம் பறந்துருச்சு ஜமீலா."

"அது அவரு போறதுக்கு மொதநாளே பறந்துருச்சுங்கக்கா. நானும் அவரும்தான் சன்னல்ல நின்னு பாத்தோம்."

"அப்புறம் எதுக்கு அன்னைக்கு..."

"கதவத் தொறன்னு அவரு சொல்லலீங்களே" என்றார் ஜமீலா.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுங்க. சடையண்ணனும் சலீமும் தெரிஞ்சுக்கட்டும். ஆனா கதவத் தொறன்னு யாரும் வந்து சொல்ல வேண்டாம்" என்றார்.

பாயின் நினைவாக நான் எதையாவது வைத்துக்கொண்டிருக்கிறேன் என்றால், அது அவர் சொல்லாமல் போன அந்த ஒரு சொல். சொல்ல மறந்தாரா, மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாரா, தெரியவில்லை. பெட்டி காலியாகத்தான் இருக்கிறது. நேற்றும் நான் சமையலறை வழியாகத்தான் போனேன்.