சைலன்சர் இல்லாமல் பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டிக்கு

போன புரட்டாசிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரத்தில், சந்திராக்கா போனில் கூப்பிட்டாள். "ஏலே, ஞாயித்துக்கெழமைக்குள்ள என் கார ஓட வைக்கணும். நீ வாரியா, இல்ல வேற ஆளப் பாக்கட்டுமா?" நலம் விசாரிப்பதெல்லாம் அக்காவுக்குப் பழக்கமில்லை. மறுநாள் காலை ஆறரைக்கு மதுரையிலிருந்து கிளம்பிவிட்டேன்.

சந்திராக்கா என் பெரியப்பா மகள். வயது அறுபத்தொன்று. கோவில்பட்டியில் அப்பா விட்டுப்போன பருத்தி வியாபாரத்தைத் தம்பி கண்ணனோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறாள். இதை எழுதினால் பலர் நம்பமாட்டீர்கள், ஆனாலும் எழுதுகிறேன்: இருபதுகளில் அக்கா கார்ப் பந்தயத்தில் ஓட்டியவள். கோயம்புத்தூரில் படிக்கப் போன இடத்தில் பிடித்துக்கொண்ட பைத்தியம். அப்போது வாங்கியதுதான் அந்தக் கார். பச்சை நிறம், இரண்டே இருக்கை, மேற்கூரை கிடையாது, மூக்கு நீளம். பக்கவாட்டில் வெள்ளை வட்டத்துக்குள் பந்தய எண். கல்யாணம், பிள்ளைகள் என்றான பிறகு வீட்டுக் கொட்டகையில் நின்றது. வீட்டை இடித்துக் கட்டியபோது, இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், பசுவந்தனைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் பழைய பருத்திக் கிடங்குக்கு அதை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். அதோடு சரி.

இப்போது என்ன அவசரம்? கிடங்கு நிற்கிற நிலத்தைச் சூரியமின்சாரப் பலகை போடுகிறவர்களுக்குக் குத்தகைக்கு விட்டாயிற்று. திங்கட்கிழமை இடிக்க வருகிறார்கள். கயத்தாறு பக்கம் நான்குவழிச் சாலையில் புதிதாக ஹோட்டல் கட்டும் ஒருவர், காரை வாசலில் நிறுத்தி வைக்கக் கேட்டிருக்கிறார். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள. கண்ணன் அக்காவைக் கேட்காமலே சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டான். அக்கா சண்டை போட்டதில் ஒரு சலுகை மட்டும் தந்தான்: ஞாயிறு சாயங்காலத்துக்குள் கார் தன் இன்ஜினில் ஓடி வீட்டு வாசலுக்கு வந்தால் அது அக்காவுக்கு. வராவிட்டால் ஹோட்டலுக்கு. கண்ணனைக் கெட்டவனாக நினைக்க வேண்டாம். துருப்பிடித்த சாமானுக்காக அக்கா முழங்கால் வலியோடு அலைகிறாளே என்பது அவன் கவலை.

மதுரையிலிருந்து கோவில்பட்டி நூறு கிலோமீட்டர். நடுவில் ஒரு தேநீர், இரண்டு மணி நேரம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு அறை. சுத்தம், வெந்நீர் காலையில் மட்டும். பையை வைத்துவிட்டு அக்காவையும் மெக்கானிக் காதர் பாயையும் ஏற்றிக்கொண்டு பசுவந்தனை சாலையைப் பிடித்தேன். பாய்க்கு நாற்பது வயதிருக்கும். டிராக்டர், ஜீப், கருதறுக்கிற இயந்திரம் எல்லாம் பார்ப்பவர். பந்தயக் காரைத் தொட்டதில்லை. அதை அவரே முதலில் சொல்லிவிட்டார்.

ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கறுப்பாக விரிந்து கிடக்கிறது நிலம். உழுது போட்டு, மக்காச்சோளமும் உளுந்தும் விதைத்துவிட்டு, எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது. நாங்கள் மூன்று பேர் மட்டும் மழை வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு போனோம். காரணம், தார்ச்சாலையிலிருந்து கிடங்குக்கு நானூறு மீட்டர் கரிசல் பாதை. நல்ல மழை ஒன்று விழுந்தால் அந்த மண்ணில் மாட்டு வண்டியே போகாது. கார் எங்கே போக. பசுவந்தனையைத் தாண்டி எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் போகும் வழியில் மூன்றாவது கிலோமீட்டரில் வலதுபக்கம் திரும்ப வேண்டும். கோவில்பட்டியிலிருந்து மொத்தம் இருபத்துமூன்று கிலோமீட்டர்.

கிடங்கை அய்யாத்துரை என்பவர் பார்த்துக்கொள்கிறார். பக்கத்துப் புஞ்சைக் காட்டில் விவசாயம். தார்ப்பாயை உருவியதும் எங்களுக்கு ஆச்சரியம். எலிப் புழுக்கை இல்லை, கூடு இல்லை. ஆனால் காரில் திறந்திருக்க வேண்டிய துவாரம் ஒவ்வொன்றும் கறுப்பு மண்ணால் அடைக்கப்பட்டிருந்தது. கார்பரேட்டர் வாய், பெட்ரோல் ஊற்றும் குழாய், பின்னால் சைலன்சர் முனை, ஒன்றையும் விடவில்லை.

"எலி போயிரும்லா அண்ணாச்சி," என்றார் அய்யாத்துரை. "குலுக்கைய அடைக்க மாதிரி எல்லாத்தையும் அடச்சுட்டேன்."

குலுக்கை தெரியாதவர்களுக்கு: சோளமும் கம்பும் கொட்டி வைக்கிற, ஆள் உயர மண் கலம். கரிசல் மண்ணைச் சாணியோடு குழைத்து அதன் வாயை மெழுகிவிட்டால் பூச்சி அண்டாது. அக்காவின் கார் இருபத்திரண்டு வருடம் குலுக்கையாக இருந்திருக்கிறது. அந்தப் புண்ணியத்தில், பிளக்குகளைக் கழற்றி எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் ஸ்பேனரைப் போட்டுத் திருகியபோது இன்ஜின் மெதுவாகச் சுற்றியது. அக்கா சேலைத் தலைப்பால் காரின் மூக்கைத் துடைத்தாள்.

சனிக்கிழமை முழுவதும் வேலை. பழைய பெட்ரோலை இறக்கினோம். வார்னிஷ் மாதிரி நாறியது. டேங்கைக் கழுவினோம். பிரேக்குக்குப் புது ரப்பர், புது பேட்டரி, தீப்பொறி வருகிற பாயிண்டுக்கு உப்புத்தாள் தேய்ப்பு. டயர் நான்கும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. நல்லவேளை, அந்த அளவு கோவில்பட்டியிலேயே கிடைத்தது. ஒட்டிக்கொண்டிருந்த கிளட்ச்சைப் பாய் எப்படியோ தட்டி விடுவித்தார். யதேச்சையாக ஒரு விஷயம் தெரிந்தது: இந்த இருபத்திரண்டு வருடமும் அக்கா காருக்குக் காப்பீடு கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "சும்மாதாம்ல," என்றாள்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்குச் சாவியைத் திருப்பினாள். இருமியது, மறுபடி இருமியது, பிடித்துக்கொண்டது. பாய் கையைத் தூக்கிக் கத்தினார். நான்கு எண்ணுவதற்குள் நின்றுவிட்டது.

அப்புறம் அதே கதைதான். பிடிக்கும், முக்கும், நிற்கும். பெட்ரோல் வரவில்லையோ என்று குழாயை ஊதினோம். கார்பரேட்டரை இரண்டு முறை பிரித்து மாட்டினோம். கண்டன்சர் மாற்றினோம். பன்னிரண்டு மணிக்குக் கண்ணன் சாப்பாட்டோடு வந்தான். கேலி எதுவும் செய்யவில்லை. கயத்தாற்றிலிருந்து லாரி நாலு மணிக்குக் கிளம்பும் என்று மட்டும் சொல்லிவிட்டு இலையைப் போட்டான். கிழக்கே தூத்துக்குடிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

அக்கா சாப்பிடவில்லை. பழைய பருத்திச் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். "அங்கன கொண்டுபோய் நிறுத்திட்டா, நான் இனிமே அந்த ரோட்டுப் பக்கமே போமாட்டேன்ல," என்றாள் என்னிடம். "வேற என்னத்தையும் எனக்குன்னு நான் கேட்டதில்ல." உண்மைதான். நான் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டேன்.

இரண்டு மணிக்குப் பாய் என்ன நினைத்தாரோ, அக்காவை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, பின்னால் போய்ச் சைலன்சர் முனையில் உள்ளங்கையை வைத்தார்.

"காத்தே வரல," என்றார். "அக்கா, இன்ஜின் நல்லா இருக்கு. மூச்சு விடமுடியாம முக்குது."

"அடைப்பத்தான் முந்தாநாளே எடுத்தாச்சே," என்றேன் நான். என் கையாலேயே நோண்டி எடுத்த மண் அது.

அய்யாத்துரை தலையைச் சொறிந்தார். "அண்ணாச்சி, எத்தன எடுத்தீங்க?"

"எத்தனையா? ஒண்ணுதான்."

"ஒண்ணா? வருசா வருசம் வைப்பேன்லா. கரிசல் கோடையில சுருங்கி வெடிச்சுரும். பழச உள்ள தள்ளிட்டுப் புதுசு வச்சு மெழுகுவேன்."

 முதலில் சிரித்தது அக்காதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அய்யாத்துரைக்கு முகம் செத்துவிட்டது. "நல்லதுக்குத்தாங்கா செஞ்சேன்," என்றார். "தெரியும்யா, உம்மாலதான் இது பொழச்சே கெடக்கு," என்றாள் அக்கா.

கம்பியை விட்டுக் குத்தினோம். பாதிக் குழாய் வரைக்கும் மண் வந்தது. அதற்குமேல் கல்லாக இறுகியிருந்தது. கழற்றித் தட்டலாம் என்று பாய் கீழே படுத்தார். துருப்பிடித்த போல்ட்டுகள் மூன்றும் ஸ்பேனர் பட்டதும் முறிந்து, குழாய் கழன்று கீழே விழுந்தது. இனி அந்தக் குழாயைத் திரும்ப மாட்ட வழியில்லை. வெளியே முதல் தூறல் விழுந்தது. மண்வாசனையை ரசிக்கிற மனநிலையில் நான் இல்லை.

"கெடக்கட்டும். அது இல்லாமலே போலாம்," என்றாள் அக்கா. "பந்தயத்துல கழட்டிப் போட்டுட்டுத்தானே ஓட்டுவோம்."

சாவியைத் திருப்பினாள். அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கிடங்குத் தகரம் அதிர்ந்தது. மயில்கள் அலறிக்கொண்டு பறந்தன, ஆடுகள் நாலாபக்கமும் ஓடின, கண்ணன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். நிற்கவில்லை. ஓடியது.

நான் தாவிப் பக்கத்து இருக்கையில் விழுந்தேன். அந்த நானூறு மீட்டரில் பேசியிருந்தாலும் கேட்டிருக்காது. தூறல் வலுத்தது. மண் டயரில் அப்பத் தொடங்கியது. ஓரிடத்தில் பின்பக்கம் வழுக்கி வரப்பை நோக்கிப் போனது. அக்கா பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விட்டு, கொஞ்சம் அழுத்தி, நேராக்கினாள். முழங்கால் வலிக்காரி. தார்ச்சாலையில் ஏறியதும் திரும்பிப் பார்த்தேன். எங்கள் தடத்தில் தண்ணீர் நிற்கத் தொடங்கியிருந்தது.

பசுவந்தனைக் கடைத்தெருவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கண்ணாடி டம்ளரோடு தெருவுக்கு வந்துவிட்டார்கள். "சந்திராக்காலா!" என்று யாரோ கத்தியது, அந்த இரைச்சலிலும் கேட்டது. பிரேக் இடதுபக்கம் இழுத்தது. மழை முகத்தில் அடித்தது. நாற்பதுக்கு மேல் போக வேண்டாம் என்று பாய் சொல்லி அனுப்பியிருந்தார். கொஞ்ச நேரம் அக்கா அதைக் கேட்கவில்லை என்பதைப் பாய் இங்கே படித்துத் தெரிந்துகொள்ளட்டும். முக்கால் மணி நேரத்தில் கோவில்பட்டி வீட்டு வாசல்.

கண்ணன் தன் காரில் பின்னாலேயே வந்து இறங்கினான். தெருவே கூடியிருந்தது. இன்ஜின் முழங்கிக்கொண்டிருந்தது.

"எக்கா, ஆஃப் பண்ணு! அதான் வந்துட்டேல்லா!"

"மொதல்ல அவியளுக்குப் போன் போட்டு லாரி வேண்டாம்னு சொல்லு. அப்புறம் ஆஃப் பண்ணுதேன்."

கண்ணன் போனைக் காதில் வைத்துக் கத்தினான். எதிர்முனைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. கடைசியில் அவன் மழையில் நனைந்துகொண்டே தெருமுனை வரை நடந்து போய், ஒரு கடை ஓரமாக நின்று பேசினான். நாங்கள் எல்லோரும் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்து தலையை ஆட்டினான். முகத்தில் சிரிப்பு இருந்தது. அக்கா சாவியைத் திருப்பினாள். இன்ஜின் நின்றது.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனைக்குப் பேருந்து உண்டு; சொந்த வண்டியென்றால் சாலை நன்றாகவே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள். இறங்கினால் இழுத்துவிட டிராக்டர் தேட வேண்டும். ஊர் பார்க்க மாசி, பங்குனி நல்லது. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறவர்கள் பெட்ரோலை வடித்துவிடுங்கள், டயர் தரையில் படாமல் தூக்கி வையுங்கள். சைலன்சரை அடைக்கலாம், தப்பில்லை. புதிதாக அடைக்குமுன் பழையதை வெளியே எடுங்கள்.

நாற்பது வருடமாக அக்காவைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் எல்லோருடைய ஆசையையும் கேட்டுச் செய்தவள் அவள். அவளுக்கு என்ன வேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

புதுச் சைலன்சர் மாட்டியாயிற்று. காரைப் பார்க்க வரலாமா என்று கேட்கிறவர்களுக்கு: தாராளமாக வாருங்கள், அக்கா காபி தருவாள். ஆனால் விடிகாலையில் வராதீர்கள். காரும் இருக்காது, அக்காவும் இருக்கமாட்டாள். எங்கே போனாள் என்று கேட்டால் கண்ணனுக்கும் தெரியாது.