பங்குனியில் போட்ட கடைக்கால்

எங்கள் குடிசையை இடிக்கப்போகிற ரோட்டுக்கு நாங்களேதான் ஜல்லி உடைத்தோம். என் வீட்டுக்காரர், என் மாமியார், நான், மூணு பேரும். ஜூஜுவாடிப் பக்கம் மெட்ராஸ் ரோட்டு ஓரத்தில், புளியமரங்களுக்குப் பின்னால் வரிசையாகக் குடிசைகள். அத்தனையும் புறம்போக்கு. அந்த ரோட்டை அகலமாக்கித் தார் போட சர்க்கார் பணம் ஒதுக்கியிருந்தது. ஒரு கையால் கூலி கொடுத்தது, மறு கையால் அடுப்படியைக் கேட்டது. யாரைப் போய்த் திட்டுவது? நான் கல்லைத்தான் திட்டினேன், சுத்தியலை ஓங்கி ஓங்கி.

சும்மா சொல்லக்கூடாது, குடிசை போகிறவர்களுக்கு வீடு கட்டவும் அதே சர்க்கார் பணம் ஒதுக்கத்தான் செய்தது. ஏரிக்கு மேற்கே மேட்டு நிலத்தில் ஆளுக்கொரு மனை. சுவருக்கும் கூரைக்கும் ஆகிறது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கடைக்கால் தோண்டி, அங்கேயே கிடக்கிற கல்லை அடுக்கி, முழங்கால் உயரத்துக்கு எழுப்புவது மட்டும் எங்கள் பாடு. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மிச்சம் வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உத்தரவு எந்த ஆபீசில் எத்தனை மாசம் குறட்டை விட்டதோ, ஓவர்சியர் டேப்பைத் தூக்கிக்கொண்டு வந்து மனை அளந்தபோது மாசி முடிந்து பங்குனி பிறந்துவிட்டது. மார்ச்சு முடிவதற்குள் கடைக்கால் எழும்பாத மனைக்கு உண்டான பணம் மெட்ராசுக்கே திரும்பிவிடும், அப்புறம் தன் காலைப் பிடித்தாலும் நடக்காது என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறிப் போனார்.

பங்குனியில் எவன் வீட்டு வேலை தொடங்குவான்? கல்யாணம்கூடச் செய்வார்கள், கடைக்கால் தோண்டமாட்டார்கள். நான் பிறந்த குந்தாரப்பள்ளியிலும் அப்படித்தான். இருந்தாலும் நான் மனசைத் தேற்றிக்கொண்டேன். சர்க்காருக்குப் பஞ்சாங்கம் தெரியாது, நமக்கு வேறு போக்கிடம் கிடையாது, சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தோண்டவேண்டியதுதான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நடுரோட்டில் நிற்கவா முடியும்?

அத்தை ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். தோண்டக்கூடாது. அவ்வளவுதான்.

அவள் சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. என் மாமனார் அவசரத்துக்குப் பங்குனியில் குழி பறித்துக் குடிசைக்குக் கால் நட்டவர். ஆடி வருவதற்குள் கல்குவாரியில் வெடி வெடித்துப் போய்ச் சேர்ந்தார். என் வீட்டுக்காரர் அப்போது பால்குடி. அந்த ஒற்றைப் பிள்ளையை வைத்துக்கொண்டு ரோட்டு வேலைக்கு வந்தவள் அத்தை. நாற்பது வயசுகூட ஆகியிருக்காது, ஆண்பிள்ளை கணக்காகக் கல் உடைப்பாள். அவள் கையில் இருக்கிற சுத்தியலைப் பார்த்து மேஸ்திரியே மரியாதையாகப் பேசுவார். பிள்ளை பங்குனியில் கடப்பாரையைத் தொட்டால் தான் உயிரோடு இருக்கமாட்டேன் என்றாள். மிரட்டலுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவள்.

ரோடு எங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தது. முதலில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். அப்புறம் அத்திப்பள்ளிப் பக்கத்துக் குடிசைகளைப் பிரித்தார்கள். தார் காய்ச்சுகிற புகை சோற்றிலேயே வாசனை அடித்தது. ரோடு இஞ்சின் ஓடும்போது எங்கள் பானைகள் கடகடவென்று ஆடும். வேலைக்குப் போகிற இடம் நாளுக்கு நாள் கிட்டத்தில் வந்தது. முன்னெல்லாம் கூழைத் தூக்கிக்கொண்டு நடப்போம், இப்போது குடிசைக்குள் போய்க் குடித்துவிட்டு வரலாம். அந்த வசதியை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டில் ஒரே ரகளை. நான் கத்துவேன், அத்தை வாயே திறக்கமாட்டாள். அவள் கத்தினாலாவது எனக்குப் பரவாயில்லை. என் வீட்டுக்காரர் எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார். ஆத்தாவைப் பார்த்தால் ஆத்தா சொல்வது சரி, என்னைப் பார்த்தால் நான் சொல்வது சரி. ஓவர்சியர் மறுபடி வந்து, எங்கள் மனையில் ஒரு புல்கூடப் பிடுங்கவில்லை என்று பார்த்து, உங்களுக்கெல்லாம் வீடு எதற்கு என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்மேல் வந்த கோபத்தைவிட அத்தைமேல் வந்த கோபம்தான் அதிகம். இந்தப் பொம்பளை ஒருத்தியால் என் குழந்தை மரத்தடியில் வளரப்போகிறது என்று மனசுக்குள் கருவிக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் உகாதி வந்தது. எங்களுக்கு அடுத்த குடிசைக்காரர்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். அந்தக் குடிசை அக்கா புருஷனிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ், தார் வண்டிக்காரனிடம் கன்னடம் பேசுவாள். மூன்றிலும் சிரிக்காமல் கேலி பேசத் தெரியும். ஒப்பட்டு, அதான் போளி, செய்து எங்களுக்கும் கொடுத்தாள். மறுநாளே புருஷனும் பெண்டாட்டியும் மேட்டுக்குப் போய்க் கடைக்கால் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. உகாதியோடு அவர்களுக்கு வருஷமே பிறந்துவிட்டது. அவர்களுக்குச் சித்திரை, எங்களுக்கு இன்னும் பங்குனி. மேட்டில் அவர்கள் மனைக்கும் எங்கள் மனைக்கும் சேர்த்து ஒரே கயிறுதான் கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மாசம், இந்தப் பக்கம் ஒரு மாசம்.

என் புத்தி சும்மா இருக்குமா? அக்காவிடம் போய்க் கேட்டேன். எங்கள் மனையில் முதல் வெட்டை நீ வெட்டிவிடு. உன் மாசத்தில் உன் கையால் தொடங்கினதாக இருக்கட்டும், அதற்கப்புறம் நாங்கள் சேர்ந்துகொள்கிறோம். அக்கா கொஞ்சம் யோசித்தாள். குழந்தையைப் பார்த்துவிட்டு, சரி, காலையில் வருகிறேன் என்றாள்.

காலையில் நாங்கள் மேட்டுக்குப் போனோம். அத்தையிடம் நான் சொல்லவில்லை. அக்கா குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு, மண்வெட்டியோடு எங்கள் மனையின் மூலையில் நின்றாள். மஞ்சள்தூளைக் கரைத்துத் தெளித்தேன். என் வீட்டுக்காரர் ஒரு கற்பூரத்தை ஏற்றினார். அக்கா மண்வெட்டியோடு கிளம்பியதைப் பார்த்திருப்பாள்போல, அப்போது ஏரிக்கரையில் அத்தை வருவது தெரிந்தது. தோளில் கடப்பாரை. வந்து எல்லோரையும் அடித்து விரட்டப்போகிறாள் என்றே நினைத்தேன்.

வந்தவள் நேராக அக்காவிடம் போய் மண்வெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"மனை யாருது? நம்மளுது. அப்போ மாசமும் நம்மளுதுதான். இவ வெட்டினா அது இவ மேல ஏறும். இவளுக்கும் தாலி இருக்குது, புள்ளைங்க இருக்குது. உனக்கு வீடு வேணும்னு அடுத்த வீட்டுக்காரி தலையில கொண்டுபோய்ப் போடுவியா?"

எங்களுக்கு மாசம் பிறந்துவிட்டது, எனக்கு ஒன்றும் ஆகாது என்று அக்கா மெல்லச் சொன்னாள். அத்தை அவள் கன்னத்தைத் தொட்டு, நீ போய் உன் வேலையைப் பாரும்மா என்று கயிற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டாள். என் வீட்டுக்காரர் கடப்பாரையைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

"நீ எட்ட நில்லுடா. இது என் கையால ஆகட்டும். வர்றது எனக்கு வரட்டும்."

தாலி அறுத்தவள் முதல் வெட்டு வெட்டுவதா என்று பக்கத்து மனையில் யாரோ முணுமுணுத்தார்கள். அத்தை காதில் விழாமல் இருந்திருக்காது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரையைத் தூக்கி இறக்கினாள். மேட்டு மண், உள்ளே பாறை, நெருப்புப் பொறி பறந்தது. மூலையிலிருந்து மூலைக்கு ஒரு சுற்று அவள் தோண்டி முடிக்கும்வரை எங்களைக் கிட்டத்தில் விடவில்லை. நான் குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு எட்ட நின்று அழுதேன். அவளுக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா, தெரியாது.

அதற்கப்புறம் ராத்திரி பகல் பார்க்கவில்லை. பகலில் ரோட்டுக்குக் கல், மற்ற நேரத்தில் வீட்டுக்குக் கல். அக்காவின் புருஷனும் வந்து அடுக்கினார். மார்ச்சு முடிகிற அன்றைக்கு ஓவர்சியர் வந்து முழங்காலை வைத்தே அளந்து பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். மறுநாளே எங்கள் குடிசையைப் பிரித்தார்கள். அடுப்பு இருந்த இடத்தில் ஜல்லியைக் கொட்டினது நாங்கள்தான். இன்றைக்கு அதன்மேல் லாரிகள் பெங்களூருக்கு ஓடுகின்றன.

ஓட்டு வீடு வந்தது. மழைக்கு ஒழுகாத வீட்டில் முதல் தடவையாகப் படுத்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். அத்தை என் பெண்ணை இடுப்பைவிட்டு இறக்கமாட்டாள். வேலைக்குப் போகும்போதும் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போவாள். நான் பெற்றேன் என்று பேர், வளர்த்தது அவள்.

அடுத்த பங்குனி பிறந்த அன்றைக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் விறகுச் சாய்ப்புக்குப் போய்விட்டாள். குழந்தையைத் தொடவில்லை. என்ன கூத்து இது என்று கேட்டேன். ஆடியில் வராத அந்தத் தோஷம் தன் மாசத்தில் என்னைத் தேடிக்கொண்டு வரும், வரும்போது பிள்ளை என் மடியில் இருக்கக்கூடாது என்றாள். சமைத்ததைத் தட்டில் போட்டுக் கொடுத்தால் வெளியிலேயே சாப்பிட்டாள். குழந்தை போய்ப் போய் அவள் புடவையைப் பிடித்து இழுக்கும். எழுந்து அந்தப் பக்கம் போய்விடுவாள்.

ஒரு மத்தியானம் குழந்தை ஓடி வந்து கல்லில் தடுக்கி விழுந்தது. முழங்காலில் தோல் பெயர்ந்து ரத்தம். வீல் என்று கத்திக்கொண்டு ரெண்டு கையையும் தூக்கியபடி அவளிடம்தான் போயிற்று. அத்தை ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்று, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் குழந்தையை வாரி எடுத்தேன், அத்தையைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன், பிள்ளையை அவள் மடியில் போட்டேன்.

"வர்றது வரட்டும் அத்தை. வந்தா எல்லாரும்தானே இருக்கோம்."

குழந்தை அவள் மாரில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அத்தையின் கைகள் ரொம்ப நேரம் அந்தரத்திலேயே நின்றன. இறக்கினபோது, குழந்தை மூச்சு முட்டிக் கத்துகிற அளவுக்கு இறுக்கிக்கொண்டாள்.