சக்களத்திக்குப் போட்ட பந்தல்

எங்கள் ஊர் ஹவாரியாவில் பாதி வீடுகளின் தரை என் கணவர் மோங்கி டைல்ஸ் பதித்ததுதான். எங்கள் வீட்டுப் பின்புறம் மட்டும் வெறும் மண். அங்கேதான் என் ரொட்டி அடுப்பு இருக்கிறது, களிமண் குழைத்து நானே போட்டது. உச்சி வெயிலில் அதற்குள் குனிந்து ரொட்டியை ஒட்டி எடுத்தால் முகமும் சேர்ந்து வெந்துவிடும். மேலே ஒரு பந்தல் போட்டுக் கொடுங்கள் என்று வருஷக்கணக்காகக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"வெயில்தானே? பழகிடும்," என்பார்.

அந்த மனிதருக்கு இந்த வசந்தத்தில் வல்லூறு வளர்க்கும் ஆசை வந்துவிட்டது. எங்கள் ஊரில் அது அதிசயமில்லை. கடல் தாண்டிப் போகிற வல்லூறுகளை மலையில் வலை கட்டிப் பிடிப்பார்கள், பழக்குவார்கள், காடை வேட்டை முடிந்ததும் விட்டுவிடுவார்கள். காபிக்கடையில் ஆளாளுக்குக் கையில் பறவையோடு உட்கார்ந்திருக்க, தான் மட்டும் வெறுங்கையோடு இருப்பது இவருக்குப் பொறுக்கவில்லை.

என்ன வேகம் என்கிறீர்கள்! என் துணிக்கொடியை அறுத்து எறிந்தார். கடற்கரை மணலைச் சலித்துக் கொண்டுவந்து கொட்டினார். ஆலிவ் கிளையை வளைத்து நட்டு, மகாராணியின் பாதம் நோகாதபடி அதில் கயிறு சுற்றினார். பூனை வராமல் சுவர்மேல் கம்பி வலை. குளிக்கத் தண்ணீர்த் தட்டு, அதுவும் நான் கூஸ்கூஸ் பரிமாறும் தட்டு. கடைசியில் நான்கு கழி நட்டு, ஈச்ச ஓலை வேய்ந்து ஒரு பந்தல்! நான் கேட்ட அதே பந்தல், என் அடுப்பை விட்டுத் தள்ளி, சுவர் ஓரமாக.

வந்த பறவையும் பெண். மஞ்சள் கண், மார்பெல்லாம் வரிவரியாய்... அழகிதான், பொய் சொல்வானேன். 'அரூசா' என்று பெயர் வைத்தார். மணப்பெண் என்று அர்த்தம். எங்கள் நாட்டில் சட்டம் இரண்டாம் தாரத்துக்கு இடம் கொடுக்காது. சக்களத்தி மலை வழியாக வந்து சேர்ந்தாள்.

அன்று முதல் வீட்டில் யாரும் இருமக்கூடாது.

"தலெந்தா, மெதுவா பேசு. அரூசா பயப்படுறா," என்று என்னை அடக்குவார்.

என்னை ஒருநாள்கூடச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. அவள் சாப்பிடவில்லையென்றால் இவருக்குச் சோறு இறங்காது. இதெல்லாம் போகட்டும். ஒருநாள் வேலையிலிருந்து பெரிய சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்தார்.

"வெள்ளிக்கிழமை அந்த அடுப்பை இடிச்சுடறேன். புகை அவளுக்கு ஆகாது. ரொட்டி கடையில வாங்கிக்கலாம்."

"என் அடுப்பு மேல கை வெச்சுப் பாருங்க. உங்க மணப்பொண்ணைக் குழம்பு வெச்சுடுவேன்!"

அவர் சிரிக்கவில்லை. நானும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை இவர் தங்கை கணவர் ஹெதி வந்தார். வருஷா வருஷம் வல்லூறு பழக்குகிறவர். பறவை அதற்குள் பாதியாகியிருந்தது. கதவு அசைந்தாலும் துள்ளி விழுந்து, காலில் கட்டிய வாரில் தலைகீழாகத் தொங்கியது. வாலில் ஒரு இறகும் முறிந்திருந்தது.

"மச்சான், இது வீடா, ஆஸ்பத்திரியா? இப்படிப் பொத்திப் பொத்தி வெச்சா எப்படிப் பழகும்? எங்க வீட்ல டிவி பக்கத்துலதான் நிக்குது. ஆளு, பேச்சு, சமையல் எல்லாத்தையும் பார்க்கணும். கொண்டுபோய் அடுப்புப் பக்கத்துல வை. உன் பொண்டாட்டி திட்டுறதைக் கேட்டுப் பழகிட்டா, அப்புறம் இடி விழுந்தாலும் அசையாது!"

"அண்ணா, உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்," என்று டீயில் இரண்டு கரண்டி அதிகமாகப் போட்டேன்.

அடுப்பு தப்பியது. பறவை அடுப்புப் பக்கம் வந்தது. அதற்கு வெயில் ஆகாதென்று பந்தலும் கூடவே நகர்ந்து, அடுப்பையும் சேர்த்து மூடியது. ஆக, சக்களத்தி தயவில் எனக்கு நிழல்! அதை நினைத்தால்தான் இன்னும் எரிச்சலாக வந்தது.

மாவு பிசைந்துகொண்டே அவளிடம் இவரைப் பற்றிச் சொல்லித் தீர்ப்பேன். தலையைச் சாய்த்துக் கேட்பாள். பிறகு என் கையிலிருந்தே இறைச்சித் துண்டு வாங்கித் தின்ன ஆரம்பித்தாள். இவர் வந்தால் மட்டும் சிறகை விரித்து முறைப்பாள்.

"அப்படி என்னதான் குடுக்கிற அவளுக்கு?" என்றார் ஒருநாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"ஒண்ணுமில்ல. பேசுறேன். நீங்களும் வீட்ல இருக்கிறவங்ககிட்ட கொஞ்சம் பேசிப் பாருங்க."

அவர் பொறாமைப்படுவதைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. மெல்ல மெல்ல அவரிடமும் பழகினாள், ஏதோ கொஞ்சம் காடையும் பிடித்துக் கொடுத்தாள்.

காடைக் காலம் முடிந்து, விடுவதற்கு மலைக்குப் போனோம். வாரை அவிழ்த்ததும் கடல் பக்கமாகப் போனவள்தான். எங்கள் இரண்டு பேரையுமே திரும்பிப் பார்க்கவில்லை. இவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது வெளியே உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்த மனிதர்! கண்ணை விட்டு மறைந்த பிறகும் அவள்மேல் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.

மறுநாள் காலை மாவோடு பின்பக்கம் வந்தால், இவர் ஏணிமேல் நின்று ஓலையை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன பண்றீங்க?"

"கழட்டி உள்ள வெச்சுடறேன். இங்க காத்துல வீணாப் போயிடும். அவதான் போயிட்டாளே."

"அவ போயிட்டா. நான் எங்கயாவது போயிட்டேனா?"

கத்தத்தான் நினைத்தேன். குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது. அவர் ஏணியிலேயே நின்று என்னைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். அவிழ்த்த முடிச்சை மறுபடி கட்டிவிட்டு இறங்கினார். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"சரி... அடுத்த வருஷம் வர்ற பறவையை எங்க வெக்கிறது?"

"வெயில்ல வைங்க," என்றேன். "பழகிடும்."