கீழ் ரேக்கில் இருப்பதைக் காட்டுங்கள்

போன செவ்வாய்க்கிழமை மேற்கு மாம்பலத்திலிருந்து மயிலாப்பூர். அங்கிருந்து தி.நகர். பிறகு அடையாறு. மறுபடியும் தி.நகர். மொத்தம் இருபத்தைந்து கிலோமீட்டர்கூட வராது. இதைப் பயணம் என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதலாம். உட்கார ஓர் இடம் தேடிப் போனோம்.

போனது நானும், எங்கள் பக்கத்துப் போர்ஷன் ஷகிலாக்காவும். அவர் தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பதினோரு வருடமாகப் பருத்திச் சேலை விற்கிறார். காலை பத்து முதல் இரவு ஒன்பது வரை. நின்றுகொண்டு. இரண்டு கால்களிலும் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. போன மாதம் கணுக்காலுக்கு மேல் ஒரு புண். ஆறவில்லை. நிற்க முடியாதவருக்கு அந்தக் கடையில் வேலை இல்லை. அவர் வீட்டில் வேறு சம்பளமும் இல்லை.

காலை 7.50-க்கு ஆட்டோ. மயிலாப்பூருக்கு 180 ரூபாய். மெட்ரோ வேலைக்காகச் சாலையை எங்கெங்கோ திருப்பியிருக்கிறார்கள், நாற்பது நிமிடம் ஆனது. ஓட்டுநர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

“இன்னாக்கா, நின்னு நின்னு காலு போச்சா? எனக்கு உக்காந்து உக்காந்து முதுகு போச்சு. ரெண்டு பேரும் வேலைய மாத்திக்கினா சரியாப் பூடும்.”

“சேலை மடிப்பியா நைனா?”

“நீ ரிவர்ஸ் எடுப்பியா?”

ஷகிலாக்கா அன்று சிரித்தது அந்த ஒரு முறைதான் என்று எழுதியிருப்பேன். மாலையில் இன்னொரு முறை சிரித்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

டாக்டர் 9.30-க்கு வந்தார். கட்டணம் 500. முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். குழி அப்படியே நின்றது.

“நடந்தா கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்துல நின்னா தள்ளாது, கீழயே தேங்கும். மாத்திரையும் கட்டும் பாதி வேலைதான் செய்யும். மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் உட்காருங்க. இல்லன்னா இந்தப் புண் ஆறாது.”

“அத எங்க மேனேஜராண்ட சொல்லுங்க டாக்டர்.”

அவர் கடிதமாகவே எழுதிக் கொடுத்தார்.

மயிலாப்பூர் லஸ் முனையிலிருந்து 10.20-க்குப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணமில்லை. ஓர் இருக்கை காலியாக இருந்தும் ஷகிலாக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “உக்காந்தா எந்திரிக்க மனசு வராதும்மா.” பிறகு குரலைத் தாழ்த்தி, கடையில் எப்படி உட்காருவார்கள் என்று சொன்னார். கவுண்டருக்கு அடியில், தரையை ஒட்டி ஒரு ரேக். ஒருத்தி குனிந்து, பெட்டி தேடுவதாகக் காட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்துவிடுவாள். இரண்டு நிமிடம். மேனேஜர் வந்தால் மேலே நிற்பவள் மோதிரத்தால் கண்ணாடியைத் தட்டுவாள். ஐந்து பெண்கள், முறை வைத்து. சேர்ந்து இத்தனை வருடத்தில் ஒரு சண்டை வந்ததில்லை.

11.05. கடை. இரண்டாம் மாடி. மேனேஜர் கடிதத்தை முழுதும் படித்தார். மரியாதையானவர். அதுதான் இன்னும் கோபமாக இருக்கிறது.

“சட்டப்படி எல்லா செக்‌ஷன்லயும் ஸ்டூல் போட்டிருக்கோம் மேடம். வாங்க, காட்டறேன்.”

காட்டினார். தூணுக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு ஸ்டூல். என் முழங்கால் உயரம். கவுண்டர் என் நெஞ்சு உயரம். அதில் உட்கார்ந்தால் வெளியே தலை வகிடு மட்டும் தெரியும்.

கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. இடம் தந்துவிட்டார்கள். உட்கார்ந்தால் ஆள் காணாமல் போகும்படி ஓர் இடம்.

“கஸ்டமருக்கு ஆளே தெரியாதில்ல? அதான் யாரும் உக்கார்றதில்ல. அவங்களே விருப்பப்பட்டு நிக்கறாங்க.”

விருப்பப்பட்டு. அந்தச் சொல்தான்.

“விருப்பப்பட்டா? பெட்டி தேடற மாதிரி தரையில ஒளிஞ்சு ஒளிஞ்சு உட்கார்றாங்க சார். ரெண்டு நிமிஷத்துக்கு.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. மேனேஜர் கவுண்டரின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். ஐந்து பெண்களும் சேலை மடித்தார்கள். ஷகிலாக்கா என்னைப் பார்க்கவில்லை.

இறங்கும்போது முதல் மாடியில் பட்டுப் பிரிவு. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. அதில் சம்மணமிட்டு ஆண்கள் பட்டு விரித்துக் காட்டுகிறார்கள். அவர்கள் உட்கார்ந்திருப்பது யாருக்கும் அவமரியாதையாகத் தெரியவில்லை. ஒரு மாடி உயரம்தான் வித்தியாசம்.

12.20-க்குப் பேருந்து, அடையாறு 1.05. என் அலுவலகம். அன்று மதியம் எங்களுக்கு எர்கோனாமிக்ஸ், அதாவது உடல் நோகாமல் உட்கார்ந்து வேலை செய்வது பற்றிய வகுப்பு. (நான் இதை ஏற்பாடு செய்யவில்லை. நாள் அப்படி அமைந்தது.) முழங்கை தொண்ணூறு டிகிரி. பாதம் தரையில் படிய வேண்டும். படியாதவர்களுக்குக் கால் வைக்க ஆளுக்கொரு பலகை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் செக்யூரிட்டி அண்ணன் நின்றுகொண்டிருந்தார். “அவருக்கு?” என்று கேட்டேன். “அது ஏஜென்சி பார்க்கணும்” என்றார் பயிற்சியாளர். அடுத்த ஸ்லைடு.

வேலைக்கு ஏற்ப உடலை வளைக்காதே, உடலுக்கு ஏற்ப வேலையை அமை. கல்லூரியில் இந்தப் பாடம் இப்படித்தான் தொடங்கியது. யாருடைய உடல் என்பது அடுத்த வாக்கியமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

4.10-க்கு ஷகிலாக்காவின் குரல் பதிவு.

“நித்யா, இனிமே கஸ்டமர் கேட்டாதான் கீழ குனியணுமாம். சும்மா குனிஞ்சா மெமோவாம். கலா உன்னத் தேடிக்கினு கீறா. வந்தீன்னா காத திருகிடுவா.”

மூன்று முறை கேட்டேன். திட்டியிருந்தால் தேவலை. மூன்றாவது முறைதான் முதல் வாக்கியம் காதில் விழுந்தது: கஸ்டமர் கேட்டால் குனியலாம்.

5.20-க்குக் கிளம்பி 6.15-க்குக் கடை. கவுண்டரில் கலா, அந்த ஐவரில் ஒருத்தி, இருபத்தைந்து வயது இருக்கும், என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தாள்.

“வாம்மா சட்டம். இன்னும் எதனா சொல்லிட்டுப் போ. இருக்கற லிஃப்டயும் நிறுத்திரப் போறாங்க.”

மேனேஜர் வந்தார். “சொல்லுங்க மேடம்?”

“சேலை வாங்கணும். கீழ் ரேக்ல இருக்கறதைக் காட்டச் சொல்லுங்க. மாங்கா பார்டர்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் வாடிக்கையாளர். “ஷகிலா, மேடத்துக்குக் காட்டும்மா.”

ஷகிலாக்கா கீழே போனார். மணி 6.22.

“மேடம், பச்சையா, கிளிப்பச்சையா?” குரல் தரையிலிருந்து வந்தது.

“ரெண்டும். அவசரமில்ல, மெதுவா தேடுங்க.”

“கட்டம் போட்டதா, போடாததா?” இப்போது அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது.

என் பக்கத்தில் ஒரு மாமி. என்னைப் பார்த்தார், கவுண்டரைப் பார்த்தார், கவுண்டர் ஓரத்தில் தெரிந்த கலாவின் வீங்கிய பாதத்தைப் பார்த்தார். “எனக்கும் கீழ இருக்கறதையே காட்டுங்கோ. ஆத்துல ஒரு வேலையும் இல்லை, நான் நிதானமா பாத்துண்டு போறேன்.” அவருக்குப் புரிந்ததா, உண்மையிலேயே சேலைதான் வேண்டுமா, தெரியாது. கலாவும் கீழே போனாள். மேனேஜர் அடுத்த செக்‌ஷனுக்கு நகர்ந்தார்.

6.31-க்கு ஷகிலாக்கா எழுந்தார். கையில் இரண்டு பெட்டி. கிளிப்பச்சையை எடுத்துக்கொண்டேன், 640 ரூபாய். பையில் போடும்போது கேட்டார்: “ஒம்போது நிமிஷம். நாளைக்கு யாரு வருவா?”

கிளிப்பச்சைப் பையோடு வீட்டுக்கு நடந்தேன்.

இதை எழுதலாமா என்று ஷகிலாக்காவிடம் கேட்டேன். “மேனேஜருக்கே தெரிஞ்சி போச்சு, ஊருக்குத் தெரிஞ்சா இன்னா?” என்றார். பெயர்களை மாற்றியிருக்கிறேன். கடையைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, எந்தக் கடையிலும் தூணுக்குப் பின்னால் பாருங்கள்.

இது தீர்வு அல்ல. கவுண்டர் உயரத்துக்கு ஒரு ஸ்டூல், அதில் உட்கார்ந்தவரைச் சோம்பேறி என்று நினைக்காத ஒரு கண், இரண்டும்தான் தீர்வு. தொழிலாளர் துறைக்கு ஸ்டூலின் உயரத்தை அளந்து புகார் எழுதிப் போட்டிருக்கிறேன். அதுவரை புண் காத்திருக்காது.

போகிறவர்களுக்கு: மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடை. வார நாள், மாலை ஆறு மணி. கூட்டம் நெரியும் ஞாயிறு வேண்டாம், குனிய இடம் இருக்காது. உங்களுக்கென்று போட்ட குஷன் இருக்கையில் உட்காருங்கள். கீழ் ரேக்கில் இருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். மேனேஜர் காதில் விழும்படி, அவசரமில்லை என்று சொல்லுங்கள். பெட்டி கிடைத்துவிட்டது என்றால் இன்னொரு நிறம் கேளுங்கள்.