அளவுக்காரி வைத்த துண்டு

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி துவைக்கும் அறையை ஒட்டிய சின்ன அறையில் வேலை பார்க்கிறாள் அந்தப் பெண். தோள் சதை எவ்வளவு பாடுபடுகிறது என்று கம்பி ஒட்டி அளப்பவள். நான் அவளுக்கு வைத்த பெயர் அளவுக்காரி. நாற்பது வயதிருக்கும். குரல் சன்னம், பிடிவாதம் மட்டும் என்னைப் போல.

வருஷக்கணக்கில் இஸ்திரிப் பெட்டி பிடித்து என் வலது தோள் கல்லாகிவிட்டது. காதில் மருந்தில்லாத மெல்லிய ஊசி குத்தினால் தோள் இளகுமா என்று ஒரு டாக்டர் ஆராய்ச்சி செய்கிறார், ஆள் தேடுகிறார் என்று மருமகள் வந்து சொன்னாள்.

"தோள் வலிக்குக் காதுல குத்துவாங்களா? தலைவலிக்குத் தலையணையை மாத்துன கதைதான்" என்றேன். ஆனாலும் போனேன். வலி அப்படி.

சம்மதத் தாளை அளவுக்காரி எனக்கு மூன்று தடவை படித்துக் காட்டினாள். "புரியலன்னா கைநாட்டு வைக்காதீங்க பாட்டி, நாலாவது தடவையும் படிக்கிறேன்" என்றாள். எத்தனையோ தாளில் விரலை அமுக்கியிருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து அமுக்கியது அன்றைக்குத்தான்.

தோளைப் பஞ்சால் துடைத்து வட்ட வட்டமாக எதையோ ஒட்டி, கம்பி மாட்டுவாள். திரையில் கோடு ஓடும். சதை இறுகினால் கோடு கம்பளிப்பூச்சி மாதிரி தடிக்கும், இளகினால் நூலாகிவிடும். ஊசிக்கு முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு. டாக்டர் ஊசி போடும்போது இவள் வெளியே போய்விடுவாள். சிலருக்குச் சரியான இடத்தில் குத்துவார், சிலருக்குச் சும்மா ஒரு இடத்தில். எல்லோர் காதிலும் ஒரே மாதிரி பிளாஸ்திரி. யாருக்கு எது என்று அவளுக்குத் தெரியக் கூடாது.

"தெரிஞ்சா குடியா முழுகிடும்?"

"தெரிஞ்சா என் கண்ணு ஆசைப்பட்டதைத்தான் பார்க்கும் பாட்டி."

முதல் இரண்டு தடவையும் ஊசிக்குப் பிறகு என் கோடு மெலிந்தது. எனக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மூன்றாவது தடவை, டாக்டர் இன்னும் வரவில்லை. முன் அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். கையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்ததில் எனக்குப் பொறுக்கவில்லை.

"கை கனக்குதுடி. ஊசிக்கு அப்புறம் முழங்கைக்குக் கீழே துண்டு வைப்பியே, அதை இப்பவே வையேன்."

மடித்த துண்டை வைத்தாள். கம்பளிப்பூச்சி நூலாகிவிட்டது. அவள் துண்டை எடுத்தாள், கோடு தடித்தது. வைத்தாள், மெலிந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன ஆச்சு?"

"ஊசிக்கு அப்புறம் கை கனக்குதுன்னவங்களுக்கு மட்டும் பாவப்பட்டு இதை வெச்சேன் பாட்டி. முன்னாடி யாருக்கும் வைக்கல. கோடு மெலிஞ்சது ஊசியாலயா, துண்டாலயான்னு இனி யாருக்குத் தெரியும்?"

ஆராய்ச்சி நல்லபடியாக முடிந்தால் அவளுக்கு நிரந்தர வேலை என்று பேச்சு. வீட்டில் படுத்த படுக்கையாய்ப் புருஷன், படிக்கிற பெண்கள் இரண்டு. சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

"நான் வாயைத் திறக்க மாட்டேன். நம்மளோட போகட்டும்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதுதான்.

"அப்புறம் நூறு பேர் காதுல வீணா குத்துவாங்களே பாட்டி" என்று எழுந்து டாக்டர் அறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. துண்டு விஷயத்தை அவள் ஒன்றுவிடாமல் சொல்ல, டாக்டர் கேட்டார்:

"எத்தனை பேர்?"

"ஒன்பது பேர் சார். துண்டு வெச்ச அன்னைக்கெல்லாம் எழுதி வெச்சிருக்கேன்."

"ஒன்பது பேரையும் திரும்பக் கூப்பிடுங்க. துண்டு வேண்டாம்."

ஒவ்வொருவருக்கும் அவளே போன் போட்டாள். "தப்பு என்னோடது, மறுபடி வர முடியுமா?" ஒருவர் வாய்க்கு வந்தபடி ஏசினாராம். ஏழு பேர் வந்தோம். நான்தான் முதல் ஆள். கை கழன்று விழுகிற மாதிரி இருந்தும் துண்டு கேட்கவில்லை.

கடைசியில் பார்த்தால், சரியான இடத்தில் குத்தினவர்களுக்குக் கொஞ்சம் இளகியிருந்தது, சும்மா குத்தினவர்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவே. டாக்டர் அதை அப்படியே எழுதினார். எனக்குப் போட்டது சும்மா ஊசியாம். வலி இன்னும் இருக்கிறது. ஆனால் என் தோளுக்கு வராத குணத்தை வந்துவிட்டதென்று அவள் சொல்லவில்லை. எனக்கு அது பெரிசு.

போன வாரம் வீட்டுக்கு வந்தாள். வேலை நிரந்தரமாகிவிட்டது. "அடுத்த ஆராய்ச்சிக்கும் இவங்கதான் அளக்கணும்" என்று டாக்டரே சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம்.

"உங்களுக்குத்தான் நன்றி பாட்டி. நீங்க கேட்கலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"கேட்டது கை வலிக்காக. போய்ச் சொன்னது நீ. நன்றி நான்தான் சொல்லணும்."

"இல்ல பாட்டி, நான்தான்."

இரண்டு பேருமே இறங்கி வரவில்லை. "சோறு ஆறுது, சாப்பிட்டுட்டு வந்து சண்டை போடுங்க" என்று மருமகள் வந்து இழுத்துக்கொண்டு போனாள்.