பெண் பார்க்க வந்தவர்கள் கொடுத்த டிக்டேஷன்

சுருக்கெழுத்து கற்றவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். யார் வாயைத் திறந்தாலும் ஆள்காட்டி விரல் தானாக எழுதும். தொடை மேல், பஸ் கம்பி மேல், சாப்பாட்டு மேசை மேல். மயிலாப்பூர் இன்ஸ்டிட்யூட்டில் பயிற்சி என்று சொல்லி வளர்த்துவிட்டதுதான். இதில் எழுத்து முக்கியமில்லை, காதில் விழும் ஒலிதான் கணக்கு. 'பல்'லின் முதல் ஒலிக்கு மெல்லிய கோடு. 'பஸ்'ஸுக்கு அதே கோட்டை அழுத்த வேண்டும். உயிரொலிகள் பக்கத்தில் வைக்கும் சின்னப் புள்ளிகள். வேகம் பிடித்தால் அவற்றையும் விட்டுவிடலாம். எப்போதும் சேர்ந்தே வரும் சொற்களைக் கை எடுக்காமல் ஒரே இழுப்பில் முடிக்கலாம். அதனால் யோசிக்காமல் பேசுகிறவர்களை எழுதுவது வெகு சுலபம். மேடைப் பேச்சில்தான் நாங்கள் பழகுவோம்.

ஆவணியில் எனக்கு உயர்நிலைப் பரீட்சை. தேறினால் அரசாங்க வேலைக்கு மனுப் போடலாம். அதற்குள் தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் குடும்பம் ஒன்று என்னைப் பெண் பார்க்க வந்தது.

மாப்பிள்ளை போனைப் பார்த்தார். அவருடைய அப்பா பேசினார். "நாங்க ஒண்ணும் எதிர்பாக்கல" என்று ஆரம்பித்து, கார் முதல் ஏசி வரை எதிர்பார்க்காததையெல்லாம் சொன்னார். அந்த வாக்கியம் மறுபடி மறுபடி வரவே, அதற்கென்று ஒரு இழுப்பைக் கண்டுபிடித்துவிட்டேன். புடவை மடிப்பில் விரல் ஜோராக ஓடியது. காசு கட்டினாலும் இப்படி ஒரு டிக்டேஷன் கிடைக்காது.

"எங்க வீட்டுல பொம்பளப் பிள்ளைக்கு முழு சுதந்திரம். ஆனா வேலைக்கெல்லாம் போவாண்டாம். ஆவணி கடைசி ஞாயிறு நல்ல முகூர்த்தம். வச்சிருவோமா?"

அதுதான் என் பரீட்சை நாள். அம்மாவுக்கும் தெரியும், ஆனாலும் தலையாட்டத் தயாராக இருந்தாள்.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா என் மடியைப் பார்த்துவிட்டார். "ஏம்மா, வெரல் ஏன் இப்படி ஆடுது? நரம்புக் கோளாறா?"

அம்மா பதறி என் காலை மிதித்தாள். "இன்னாடி முழிச்சிகினு கீற? இன்னா ஏதுன்னு சொல்லு."

படிப்புக்காக என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டேன்.

"ஆமாங்க," என்றேன். "யாராவது பேசுனா வரும். பேச்சு நின்னா நின்னுடும்."

கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் நின்றது.