சிவப்புப் புடவையின் சாயம்

யுத்தம் வந்த பிறகு நல்ல சாயம் வருவது நின்றுபோயிற்று. மலைக்கோட்டைக் கடைவீதியில் நான் வேலைக்குச் சேர்ந்த ஜவுளிக் கடைக்கு அந்தச் சமயத்தில்தான் ஒரு கட்டுச் சிவப்புப் புடவைகள் வந்தன. பார்க்க அவ்வளவு அழகு. கெட்டிச் சாயம், போகவே போகாது என்று சொல்லி விற்கவேண்டும், முதலாளி உத்தரவு.

தண்ணீர் குடித்த ஈரக் கையோடு ஒன்றைப் பிரித்தேன். உள்ளங்கை மருதாணி இட்டதுபோல் ஆகிவிட்டது.

அன்று சாயங்காலமே ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர், மகள் சீமந்தத்துக்கென்று அதில் ஒன்றை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வருவார், சாயத்தைக் கேட்பார், நான் சொல்லவேண்டும். நானும் ஸ்ரீரங்கம்தான். எங்கள் வீடுகளில் புதுப்புடவையை நனைத்து உலர்த்தி மடியாக்கிய பிறகுதான் கட்டுவார்கள். வேட்டிகளோடு ஒரே வாளியில் இது விழுந்தால்?

வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்பதும் கூடவே உறுத்தியது. அலைந்து அலைந்து கிடைத்த வேலை. இருந்தாலும் மறுநாள் மத்தியானம், முதலாளி வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்த நேரம் பார்த்துப் போய் நின்றேன்.

"இந்தச் சிவப்பு போகுதுங்க. போகாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலைங்க."

மெல்வதை நிறுத்தினார். "பரீட்சை பாஸ் பண்ணின பிள்ளைன்னு வேலை குடுத்தேன். இப்ப எனக்கே பரீட்சை வைக்கிறியா?"

நான் நகரவில்லை. கால் வரவில்லை என்பதுதான் நிஜம். மடி சமாசாரத்தை மளமளவென்று சொல்லி முடித்தேன். அவர் மருங்காபுரிப் பக்கம்; அவர்கள் வீட்டில் புதுத்துணியின் மூலையில் மஞ்சள் தடவி அப்படியே உடுத்திவிடுவார்களாம்.

"போகும்னு சொன்னா அந்தம்மா வாங்குவாங்களா?"

"தெரியலைங்க."

அவர் மறுபடி வெற்றிலையை மெல்ல ஆரம்பித்தார்.

மாமி வந்தார். முதலாளி இருந்த இடத்திலிருந்தே, "தம்பி, நீயே சொல்லு" என்றார். சொன்னேன். மாமி விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"நல்லவேளை சொன்னே. எங்காத்து வேஷ்டியெல்லாம் சேந்து சிவந்திருக்கும்."

பிறகு மாம்பழ நிறத்தில் ஒன்றைக் காட்டினேன். அதற்கும் இதே கதைதானா என்று கேட்டு, அதையும் தேய்த்துப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டார்.

மாமி போனதும், முதலாளி என்ன சொல்வாரோ என்று சிவப்பை மடித்தபடி காத்திருந்தேன்.

"நாளைக்குச் சீக்கிரம் வந்துடு. சிவப்பையெல்லாம் தனியா அடுக்கணும். யார் கேட்டாலும் போகும்னு சொல்லியே குடு."

நாளைக்கு என்றாரே! அதற்கப்புறம் அவர் சொன்னதில் பாதி காதிலேயே விழவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது காவேரிப் பாலத்தில் ஒரு ஜட்காவையே முந்திக்கொண்டு நடந்தேன்.